அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று அண்ணன் போன் செய்தபோது, நான் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஆலையில் இருந்தேன். புது லைன் ஓட ஆரம்பித்த சமயம். யாருக்கும் லீவு கிடையாது என்று பேச்சு.

எங்கள் லைனுக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு மேலாளர் வந்திருந்தார். தங்கமான மனிதர், அதை இன்றைக்கும் சொல்வேன். அவரிடம் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "அம்மாவுக்கு ரொம்ப முடியலை சார்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "கேட்கவே வருத்தமாக இருக்கிறது. சீக்கிரம் குணமாகட்டும்" என்றார். நான் நின்றேன். அவரும் நின்றார். பிறகு லைனுக்குத் திரும்பிவிட்டேன்.

எங்கள் பழைய சூப்பர்வைசர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். அவர் இருந்திருந்தால், "இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாரி கீது? அம்மாவுக்கு முடியலியா? மொதல்ல ஊருக்குக் கெளம்பு, லைன நா பாத்துக்கிறேன்" என்று விரட்டியிருப்பார். பெரியவரிடம் கஷ்டத்தைச் சொல்வதோடு நம் வேலை முடிந்தது. போ என்பது அவர் வேலை. நாமே லீவு கேட்டு, அவர் இல்லை என்று சொல்ல நேர்ந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். அப்படித்தான் வளர்ந்தேன்.

வெள்ளைக்காரர் தினமும் மறக்காமல் விசாரிப்பார். "அப்படியேதான் சார்" என்பேன். இன்றைக்காவது போ என்று சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்திருப்பேன். அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கல்நெஞ்சுக்காரன்! உள்ளுக்குள் திட்டித் தீர்ப்பேன்.

"அழுத பிள்ளைதான்டி பால் குடிக்கும். வாயத் தொறந்து கேளு" என்றாள் அறைத்தோழி.

"அம்மா சாகக் கெடக்கான்னு சொன்ன பொறவு இன்னும் என்னத்தடி கேக்க?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

காரியம் முடிந்து திரும்பியதும் அவர் என்னைக் கூப்பிட்டார். "ஏன் நீ கேட்கவே இல்லை? கேட்டிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேனே. இங்கேயே இருப்பதென்று நீ முடிவு செய்திருக்கிறாய் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போ என்று நான் எப்படிச் சொல்வது? அது உன் சொந்த விஷயம் அல்லவா?" அவர் கண் கலங்கியிருந்தது.

பாவி மனுஷா, நீயாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கத்த முடியவில்லை. ஊரில் பக்கத்து வீட்டு அத்தை சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒங்கம்மா தெனமும் விடியக்காலம் மெட்ராஸ் பஸ்சு வந்துருச்சான்னு கேப்பா. புள்ளைய வரச் சொல்லி போன் போடட்டுமான்னா, வேண்டாம், அவளுக்கே தெரியும்னுருவா."

போனில் அம்மா என்னிடம் சொன்னதெல்லாம், "நான் நல்லாத்தான் இருக்கேன் தாயி, நீ வேலையப் பாரு" என்பதுதான். வா என்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரிந்தது.