பாண்டியம்மாளும் மூடிய மில்லின் சங்கும்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கிளீனராகத் தொடங்கி, காளவாசலில் சொந்த லாரி ஆபீஸ் வைத்தவன். ராத்திரி ராத்திரியாக லாரி ஓட்டித் தூக்கத்தையே ஜெயித்தவன். பேய், இருட்டு எல்லாம் எனக்குத் தூசு. அப்படிப்பட்ட நானே என் தங்கை பாண்டியம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறது.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவள் இருபது வருடம் இரவு ஷிப்ட் பார்த்தாள். பகலில் பிள்ளைகளைக் கவனிக்க வசதி என்று அவளே கேட்டு வாங்கியது. பிள்ளைகள் வளர்ந்து போனார்கள், மில்லையும் மூடிவிட்டார்கள். அப்புறம்தான் தொல்லை. பொழுது சாய்ந்ததும் நெஞ்சு படபடக்கும், வயிறு பிரட்டும், விடியும்வரை கண் மூடாது.

"மில்லுச் சங்கு ஊதுதுண்ணே. ஷிப்டுக்கு உள்ள வரச் சொல்லுது" என்பாள்.

அந்த மில்லில் கரண்டே இல்லை.

ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் என் செலவில் எடுத்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். அவள் கணவன் விருமாண்டி குறி சொல்லும் கோடாங்கியை அழைத்து வந்தான். உடுக்கை அடித்துப் பார்த்தவர், "மில்லுல இருந்த ஒண்ணு கூடவே வந்திருக்கு. ஒரு மண்டலத்துக்குப் பகல் வெளிச்சம் மேல படக்கூடாது" என்றார். ஜன்னலில் சாக்குக் கட்டினார்கள். பகலெல்லாம் அந்த இருட்டறையில் தூங்கினாள். ராத்திரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மட்டும் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுவதுபோல் அசைந்துகொண்டே இருக்கும்.

விருமாண்டி என்னிடம் வந்தான். "பயமா இருக்கு மச்சான். தைக்குள்ள சரியாகலேன்னா ஒங்க வீட்டுலயே வச்சுக்கங்க."

"இருபது வருசம் அவ சம்பளத்துல திங்கும்போது பயம் வரலையாக்கும் மாப்ள?"

மறுநாளே சாக்கைக் கிழித்தெறிந்து, டாக்டர் தமிழ்வாணியிடம் கூட்டிப்போனேன். எப்போது தூங்குகிறாள், எப்போது சாப்பிடுகிறாள் என்றுதான் அந்த டாக்டர் பிள்ளை கேட்டது.

"உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குய்யா. இவங்களுக்கு அது இன்னும் நைட் ஷிப்ட்லயே ஓடுது. வேலை போன கவலையும் சேந்துக்கிட்டு நெஞ்சையும் வயித்தையும் படுத்துது. பகல்ல படுக்க விடாதீங்க. தினமும் காலை வெயில்ல, ஒரே நேரத்துல, நல்லா நடக்கணும்."

"இத நானே சொல்லியிருப்பேனே" என்றேன்.

"அம்புட்டுத் தெரிஞ்சவரு ஏண்ணே சொல்லல?" என்று சிரித்தாள் பாண்டியம்மாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அவள் ஊர்க் கண்மாய்க் கரையில் தினமும் அவளோடு நடந்தேன். முதலில் பாதிக் கரையிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். கரை முடிகிற இடத்தில் மில் கேட். அங்கே வந்தால் அவள் கால் தானாக உள்ளே திரும்பும். தோளைப் பிடித்து இழுத்து வருவேன். மார்கழி நடுவில் படபடப்பு குறைந்தது. இருட்டினால் கொட்டாவி விட்டாள்.

பொங்கலன்று காலையில் விருமாண்டியும் நடக்க வந்தான். கேட்டைத் தாண்டும்போது அவள் கால் திரும்பவில்லை.

"நல்லாத் தூங்கினேண்ணே. சங்கே கேக்கல."

"இருந்தாத்தானே கேக்கும்?" என்றேன், பெரிய மனுசனாக.

விருமாண்டி, "வீட்டுக்குப் போவோம், வா" என்றான். இருவரும் வெயிலில் முன்னே போனார்கள். என் கால் மட்டும் கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. பஞ்சு வாடையடிக்கும் அந்த இருட்டுக்குள்ளிருந்து, நீளமாக, அது ஊதியது.

இப்போதெல்லாம் நடக்கப் போக என்னை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. விடியும்வரை விழித்துத்தான் இருக்கிறேன்.