கோயிலுக்குள் போக முடியாத வருடம்

என் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப நான் பட்ட பாடு முருகன் ஒருவனுக்குத்தான் முழுதாகத் தெரியும். அதை இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன். நடுவில் அழுதுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஜெஞ்சாரோம் என்ற சின்ன ஊரில் இருந்தவர்கள். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, டயாலிசிஸ் செய்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது கிள்ளானுக்கு மாறினோம். ஒரே மகள் ஷாமினியைப் புது இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் சேர்த்தோம். அவளுக்கு அங்கே தோழிகள்கூட அமையவில்லை. பள்ளி விட்டதும் நேரே அப்பா படுத்திருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்விடுவாள். அன்றைய பாடத்தை அவருக்குச் சொல்வாள். அவருக்கு ஒரு மண்ணும் புரியாது. "சரி சரி, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

கார்த்திகை மாதம். ஆண்டு இறுதி விடுமுறைக்கு முந்தின நாள். அவள் பள்ளிக்குப் போன பிறகு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "பாப்பா எங்க? பாப்பா வந்துட்டாளா?" இதையேதான் கேட்டார். பள்ளியில் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது. அவளைக் கூட்டிவர எனக்கு ஆளும் இல்லை. மத்தியானத்துக்குள் போய்விட்டார். பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கிய என் பிள்ளை, வீட்டு வாசலில் கூடாரம் போடுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அவள் அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "அப்பா கூப்பிட்டப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன். இனிமே அந்தக் கேட்டத் தாண்ட மாட்டேன்மா."

விடுமுறை முடிந்தது. படிவம் ஐந்து, எஸ்.பி.எம். அரசாங்கப் பரீட்சை எழுதவேண்டிய வருடம் பிறந்தது. அவள் போகவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், காலில்கூட விழப்போனேன். நான் வேலைக்குப் போயிருக்கும்போது பள்ளியிலிருந்து போன் வந்தால், அவளே எடுத்து "காய்ச்சல்" என்று சொல்லி வைத்துவிடுவாள். சாவு விழுந்ததே அங்கே யாருக்கும் தெரியாது.

நான் யாரிடம் போவேன்? சாவு நடந்த வீடு. ஒரு வருடம் கோயிலுக்குள் போகக் கூடாது. தைப்பூசத்துக்கு எங்கள் வரிசையில் எல்லா வீடும் பத்துமலைக்குப் போய்விட்டது. நான் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து தேம்பினேன். ஊரே அவனைப் பார்க்கப் போகிறது, எனக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டானே என்று இருந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும்போது, முருகன் கோயிலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கடை வாசலில் நிற்க ஆரம்பித்தேன். நடுவில் ரோடு. லோரியும் மோட்டாருமாகப் போய்க்கொண்டிருக்கும். அங்கிருந்தே சண்டை போடுவேன். "அவரக் கேட்டேன், குடுக்கல. இவளையாவது திருப்பிக் குடு. உனக்குக் காது இருக்கா இல்லையா?"

ஒரு வெள்ளிக்கிழமை, அர்ச்சனைத் தட்டோடு கோயிலிலிருந்து வெளியே வந்த ஒரு பெண்மணி என்னையே பார்த்தார். ரோட்டைத் தாண்டி நேரே வந்தார். கோயிலுக்கு எதிரில் நின்று கும்பிட்டுவிட்டு உள்ளே போகாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்?

"அக்கா, வீட்ல யாரு?" என்று மட்டும் கேட்டார்.

உடைந்துபோனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். மகள் பெயரையும் பள்ளியையும் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, நம்ம ஷாமினியா! அது மட்டம் போடுதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கோம். பேர எடுத்துறலாம்னு ஆபீஸ்ல பேச்சு வந்துருச்சுக்கா."

அவர் புஷ்பா டீச்சர். அதே பள்ளியில் மாணவர்களின் சமூகச் சேவைக்குப் பொறுப்பாக இருப்பவர். நான் உள்ளே போக முடிந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டேன். வெளியே நிறுத்தினானே என்று அழுதேனே, வெளியே நின்றதால்தான் அவர் கண்ணில் பட்டேன்.

இரண்டு நாளில் டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஷாமினி அறையைவிட்டு வரவில்லை. டீச்சர் கதவுக்கு வெளியே நின்றே பேசினார். "ஸ்கூலுக்குக் கூப்பிட வரலம்மா. சனிக்கிழம எங்க புள்ளைங்க ஒங்கப்பா போன டயாலிசிஸ் சென்டருக்குப் போறாங்க. ஒன்னும் தெரியாத கூட்டம்லா. நீ சும்மா வந்து நின்னாப் போதும்."

என்ன நினைத்தாளோ, சனிக்கிழமை என்னோடு வந்தாள். ஆனால் கண்ணாடிக் கதவோடு நின்றுவிட்டாள். அவள் அப்பாவின் சாய்வு நாற்காலியில் வேறு யாரோ இருந்தார். உள்ளே மாணவர்கள் ஒரு பெரிய டப்பா நிறைய ஐஸ் போட்ட ரோஸ் சிரப் கொண்டுவந்திருந்தார்கள். பார்க்கப் போகும் இடத்தில் தாகத்துக்குக் கொடுப்பது நல்லதுதானே என்று நினைத்திருக்கிறார்கள், பாவம். அவர்களில் ஒரு சீனப் பெண் கப்பில் ஊற்றி ஒரு நோயாளியிடம் நீட்டினாள்.

"ஜாங்கான்!" குடுக்காதே என்று மலாயில் கத்திக்கொண்டே ஷாமினி உள்ளே ஓடினாள். இவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது, உடம்பில் தங்கிவிடும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவள் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. அந்தப் பிள்ளைகள் வெலவெலத்துப் போய் டப்பாவை மூடினார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து நாற்காலி ராஜம்மா ஆன்டி, ஊசி குத்தாத கையை நீட்டினார். "வந்துட்டியா பாப்பா?"

அவ்வளவுதான். அப்பாவுக்கு அழாத அழுகையெல்லாம் அந்த மடியில் அழுதாள். ஆன்டி அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஒங்கப்பா இங்க படுத்துக்கிட்டு மணியப் பாத்துக்கிட்டே இருப்பாருடி. இப்ப கணக்குப் பாடம் நடக்கும், இப்ப சாப்பாட்டு நேரம்னு எங்ககிட்ட சொல்வாரு. நீ ஸ்கூல்ல இருக்குற நேரந்தான் அவருக்கு நிம்மதி."

திங்கட்கிழமை சீருடை போட்டாள். பள்ளி வாசலில் அந்தச் சீனப் பெண் அவளுக்காகக் காத்திருந்தாள். இருவரும் கேட்டைத் தாண்டிப் போவதை நான் நின்று பார்த்தேன். அதன் பிறகு சேவைக்குப் போகும் சின்னப் பிள்ளைகளுக்கு, நோயாளிகளிடம் எப்படிப் பேசவேண்டும் என்று இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ராத்திரியில் அழுவது மட்டும் நிற்கவில்லை. அழுதுகொண்டே படித்தாள்.

அவருடைய முதல் திதி எஸ்.பி.எம். தாள் இருந்த நாளில் வந்தது. அவள் அப்பா படத்தின் முன் விழுந்து கும்பிட்டு எழுந்தாள். "படையல நான் வந்ததும் போடலாம்மா. அப்பா காத்திருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைக்குப் போனாள். உச்சிப் பொழுதுக்குள் போடவேண்டாமா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பிள்ளை வரட்டும் என்று நான் இலையை விரிக்கவே விடவில்லை.

என் வீட்டுக்காரரை முருகன் திருப்பித் தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, அதையும் அவனிடமே சொல்கிறேன். ஆனால் என் மகளைத் தந்தான். அந்த நன்றியை எந்தக் காவடி எடுத்து நான் தீர்ப்பேன்? உங்களில் யாருக்காவது மனசு விட்டுப்போயிருந்தால், கும்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள்.