துப்பாக்கிக் கூட்டத்தில் நான் செய்த மொழிபெயர்ப்பு

தேர்தல் அறிவித்துவிட்டால், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஓசூரை அடுத்த தளிப் பக்கத்து விவசாயிகள் இதைச் செய்யும் அழகு பார்க்கச் சகிக்காது. குழலில் மருந்தும் ரவையும் திணித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி; காட்டுப்பன்றியை விரட்டக் கொடுத்தது. அதற்குக் குங்குமப் பொட்டு வைத்து, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதுபோல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். பாதிப் பேருடையது சுடவே சுடாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தேர்தல் முடிந்தும் துப்பாக்கிகள் திரும்பி வரவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த ஒரு விபத்துதான் காரணம். அடுத்தடுத்த இரண்டு நிலங்கள். ஒன்று தெலுங்கு பேசும் பெரியவர் ஒருவருடையது, மற்றது கன்னடம் பேசும் குடும்பத்துடையது. காலைப் பனியில் ராகிக் கொல்லைக்குள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த கணவனை, மனைவி வரப்பில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். அவன் "பந்தே, பந்தே" என்று குரல் கொடுத்துக்கொண்டே எழுந்தான். கன்னடத்தில் 'வந்துட்டேன்' என்று பொருள். பெரியவர் காதில் அது 'பந்தி' என்று விழுந்தது. தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. சுட்டுவிட்டார். அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கைதவறி விழுந்து வெடித்தது என்று ஊரே கூடி எழுதிக்கொடுத்து விஷயத்தை முடித்தது. குடிதண்ணீர்க் குழாய் கேட்டு எழுதும்போது அந்த ஊரில் நான்கு கையெழுத்து வாங்க முடியாது.

துப்பாக்கிகளைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்று ஊர்க்காரர்களிடம் கேட்க ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். வந்த அதிகாரி தெற்கத்திக்காரர். கன்னடமும் தெலுங்கும் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. நான் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர், கெலமங்கலத்துக்காரன். மூன்று மொழியும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொழிபெயர்க்க என்னை அழைத்துப் போனார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

எழுதிக்கொடுத்தது கிடக்கட்டும் என்று, ஊரறிய நடந்ததை நான் சொல்லத் தொடங்கியதுமே அதிகாரி குறுக்கிட்டார்.

"பந்தியா? அங்க என்னய்யா பந்தி, கல்யாண வீடா?"

ஹால் சிரித்தது. அடிபட்டவனின் மனைவி முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதிகாரியின் நகைச்சுவை அல்லவா.

முதலில் எழுந்தவர் உள்ளூர் மேடைப் பேச்சாளர். எல்லாத் துப்பாக்கியையும் உருக்கிவிட வேண்டும் என்பது அவர் பக்கம். அதைச் சொல்வதற்கு அந்தப் பெண்ணைத் தோளைத் தொட்டு எழுப்பி நிறுத்தினார்.

"இந்தத் தங்கச்சியோட கண்ணீருக்கு யாருங்க பதில் சொல்றது?"

அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவர்தான் தோள்துண்டால் துடைத்துக்கொண்டார். பன்றி வந்தால் நாங்கள் என்ன செய்வது என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "மனுசன் பெருசா, ராகி பெருசா?" என்று பேச்சாளர் திருப்பிக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ராகியை அவர் களியாக மட்டுமே அறிவார்.

அடுத்தவர் ஓசூர்க் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர், சுட்ட பெரியவரின் தங்கை மகன். ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார், சட்டைப் பையில் இரண்டு பேனா.

"எமோஷன் வேறங்க, லாஜிக் வேறங்க. லாஜிக்கா பேசுவோம். ஹைவேஸ்ல லாரி அடிச்சு தினம் ஆளு சாவறாங்க. லாரியைத் தடை பண்ணிடலாமா? அருவாள்ல வெட்டறான். அருவாளைப் புடுங்கிடலாமா?"

பலத்த கைதட்டல். லாஜிக் என்று ஏழெட்டுத் தடவை சொன்னார். சொல்லச் சொல்ல அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கை போலிருக்கிறது. கடைசியில் குரல் தழுதழுத்தது. "அந்தத் துப்பாக்கி இல்லாம எங்க மாமாவைப் பாக்க முடியலைங்க. சோறே எறங்கலைங்க அவருக்கு." மேடைப் பேச்சாளர் அழுதது துண்டில். இவர் அழுகைக்கு லாஜிக் என்று பெயர் வைத்துக்கொண்டார். மாமா, புரை விழுந்த இரண்டு கண்களோடு, முன்வரிசையிலிருந்து யாரும் இல்லாத ஒரு பக்கத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்தப் பெண் தானாக எழுந்தாள். தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. கன்னடத்தில், என்னைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்.

"எல்லாரோட துப்பாக்கியும் வேண்டான்னு நான் சொல்லலை அண்ணா. எங்க கொல்லைக்கும் பன்னி வருது. காதுல தப்பா விழுந்ததையும் நான் குத்தம் சொல்லலை. ஆனா எங்க வீட்டுக்காரர் எழுந்து நின்னுட்டாரு. பத்தடி. அந்தப் பத்தடியில இந்தப் பெரியவருக்கு ஆளு தெரியலை. லாரி ஓட்டறவங்களுக்குக் கண்ணைச் சோதிச்சுத்தானே லைசென்ஸ் தர்றாங்க? இவரு கண்ணை யாரு சோதிச்சாங்க? இவருக்கு மட்டும் அதைச் செஞ்சுட்டுக் கொடுக்கச் சொல்லுங்க. என் மக தினம் அந்த வரப்பு மேலதான் ஸ்கூலுக்குப் போறா."

அந்த ஹாலில் இரண்டு மணி நேரமாகப் பேசிய அத்தனை பேரிலும் யோசித்துவிட்டு வந்தவள் அவள் ஒருத்திதான். சூப்பர்வைசரின் லாரியை எடுத்து அவர் மேலேயே ஏற்றிவிட்டாள். கன்னடம் தெரிந்தவர்களில் பலரும் அதற்குள் எழுந்து பேசத் தொடங்கியிருந்தார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அந்த இரைச்சலில் நான் அவர் காதருகே குனிந்தேன்.

"என்னய்யா சொல்லுது அந்தப் பொம்பளை?"

"ரொம்ப மனசு ஒடைஞ்சு பேசறாங்க சார். நியாயம் கேக்கறாங்க."

இவ்வளவுதான் நான் மொழிபெயர்த்தது. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது காரணமில்லை. பாதிக்கப்பட்டவள் வாய் திறந்தால் அழுகைதான் வரும் என்று அவள் எழுந்தபோதே நான் முடிவு கட்டிவிட்டேன். அவள் பேசப் பேசப் புரிந்தது, ஆனாலும் என் வாக்கியம் தயாராக இருந்தது. மேடைப் பேச்சாளரையும் சூப்பர்வைசரையும் இவ்வளவு கேவலமாக எழுதுகிற நான் அவர்களைவிட மட்டம். அவர்களுக்காவது அவள் சொன்னது காதில் விழவில்லை.

அதிகாரி பரிதாபமாகத் தலையசைத்துவிட்டு எழுந்தார். வாசலில் அவள் என்னிடம் வந்தாள்.

"நான் சொன்னதைச் சொல்லிட்டீங்களா அண்ணா?"

"எல்லாம் சொல்லிட்டேம்மா."

அடுத்த மாதமே துப்பாக்கிகள் எல்லாம் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன, பெரியவருடையதும்தான். பொட்டு வைத்து வாங்கிப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் ஒருநாள் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் அவளைப் பார்த்தேன். கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தக்காளி பிரித்துக்கொண்டிருந்தாள். வாரநாள். லீவா என்று கேட்டேன்.

"ஸ்கூலை நிறுத்திட்டேன் அண்ணா. வேற வழி சுத்திப் போகணும்னா ஆறு மைல்."

கீழே உருண்டு கிடந்த ஒரு தக்காளியை எடுத்துக் கூடையில் போட்டேன். என்னைத் தேற்றுவதுபோல அவளே சொன்னாள்.

"உங்க மேல ஒண்ணுமில்லை. நீங்க எடுத்துச் சொன்னீங்க. அவ்வளவு படிச்ச ஆபீசரு, நான் சொன்னதைக் கேட்டுட்டு நல்லா யோசிச்சுத்தானே பெரியவருக்குத் திருப்பிக் கொடுத்திருப்பாரு."