ஐந்து வருடப் படிப்பும் ஆறு மாத விசாவும்

1. அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்கள் எனக்கு இடம் தந்தன. இளநிலைப் பட்டத்தையும், மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் ‘பிசிஷியன் அசிஸ்டன்ட்’ முதுநிலையையும் ஒன்றாகச் சேர்த்த படிப்பு.
2. முதலாவது ஐந்து வருடம். கோடையிலும் வகுப்பு; நீண்ட விடுமுறை இல்லை. புள்ளிகள் குறையாவிட்டால் முதுநிலை இடம் உறுதி.
3. இரண்டாவது ஆறு வருடம். கோடையிலும் குளிர்காலத்திலும் நீண்ட விடுமுறை உண்டு. ஆனால் நடுவில் நேர்முகத் தேர்வு. அதில் தவறினால் வெறும் இளநிலைப் பட்டத்தோடு வெளியே வரவேண்டும்.
4. முதலாவதைத் தெரிவு செய்து வீட்டில் சொன்னேன்.
5. அப்பா, “அப்ப விசா?” என்று கேட்டார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. ஈசிஜி எடுக்கப் பயின்று, ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். எதையும் சரிபார்த்துவிட்டுத்தான் கையை வைப்பேன். பாடங்கள், மருத்துவமனைப் பயிற்சி, அங்கீகாரம் எல்லாம் ஒப்பிட்டிருந்தேன். ஆறு மாதத்துக்கு மேல் அமீரகத்துக்கு வெளியில் நின்றால் அப்பாவின் பெயரில் உள்ள என் விசா போய்விடும் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். பக்கத்து ஃபிளாட் அண்ணா கனடாவில் படித்தபோது வருடத்தில் இரண்டு தடவை ஓடி வந்து போவார். வீட்டு ஞாபகத்தில் வருகிறார் என்றே நினைத்திருந்தேன்.

நான் இங்கே பிறந்தவள். கடவுச்சீட்டு இலங்கையுடையது. யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்தது லீவுக்குப் போய்த் தங்கும் மாமா வீடு மட்டும்.

“ரெண்டாவதை எடு பிள்ளை. வெயில் காலத்திலயாவது வந்து நிக்கலாம்” என்றார் அம்மா.

“இந்த வெயிலுக்கு ஆரும் விரும்பி வருவினமோ?” என்றார் அப்பா.

மறுநாள் நானும் அப்பாவும் விசா விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் டைப்பிங் சென்டருக்குப் போனோம். அங்கிருந்தவர் கீழக்கரைக்காரர்.

“படிக்கப் போற புள்ளைங்களுக்கு விலக்கு இருக்குன்னு சொல்றாங்கம்மா. ரூல் மாறிக்கிட்டே இருக்கும்.”

“அஞ்சு வருஷத்துக்கு இருக்குமெண்டு சொல்லேலுமோ பாய்?” அப்பா கேட்டார்.

“அஞ்சு மாசத்துக்கே நான் வாயத் திறக்க மாட்டேன் அண்ணே.”

திரும்பும்போது சிக்னலில் கார் நின்றது. நேர்முகத் தேர்வில் தவறிய என்னையும், வீட்டுக்கு வர வழியில்லாத என்னையும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தேன்.

“என்ர விசாவே ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காத்தான் புதுப்பிக்கிறது” என்றார் அப்பா. “கொம்பனி வேண்டாமெண்டா நாங்களும் வெளிக்கிட வேண்டியதுதான். பிறகு நீ கோடைக்கு ஆரிட்ட வருவாய்?”

“நீங்க இருக்கிற இடத்துக்கு.”

“அது எங்கயெண்டு எனக்கே தெரியாது. படிப்பையாவது நிச்சயமானதா எடு.”

அம்மாவிடம் முடிவை அப்பாவே சொன்னார். அம்மா தேநீர் ஊற்றினார்.

ஐந்து வருடப் படிப்புக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன். அமெரிக்க மாணவர் விசாவுக்கான நேர்காணல் இன்னும் நடக்கவில்லை. நான் போய் ஆறு மாதம் கடந்தபின் இங்குள்ள விசா இருக்குமா, இராதா என்று எவரும் உறுதி சொல்லவில்லை.