அத்தை திட்டிய படம் அரியலூரில் ஓடுகிறது

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து படங்கள் வந்தன. நான்கு படங்களின் போஸ்டரைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலேயே பார்த்துவிட்டேன். ஐந்தாவது படத்துக்குப் போஸ்டரே கிடையாது. டீக்கடைப் பேப்பரில், பெரிய விளம்பரங்களுக்கெல்லாம் கீழே, தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். அதற்குள் மீசை சரியாக முளைக்காத ஒரு கதாநாயகன் பைக்கில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பைக்கைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் அத்தை சாவியைப் பிடுங்கிய பைக் அது.

எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்குப் பக்கம். தை மாசம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தார் ரோட்டில் பாதிதான் ரோடு, மீதிப் பாதி மக்காச்சோளக் களம். அன்றைக்கு என் குட்டி யானை லோடு வண்டியில் கொண்டுவந்த சோள மூட்டைகளை இறக்கிப் பரப்பிவிட்டு, வண்டி நிழலில் படுத்திருந்தேன். அத்தை வெயிலில் நின்று காலால் சோளத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். டர்ரென்று ஒரு பைக் வந்தது. ரோடு பக்கம் போகாமல் சோளத்தின் நட்டநடுவே ஏறி, மணிகளை இரண்டு பக்கமும் வாரி இறைத்துவிட்டு நின்றது.

"ஏன்டா, கண்ண என்ன பொடனியிலயா வெச்சிருக்க? மூணு மாசம் பன்னிக்கும் மயிலுக்கும் காவல் கெடந்து கொண்டாந்து காயப்போட்டா, மேல ஏறி டர்ருங்கிற! எறங்குடா! ஒவ்வொரு மணியா பொறுக்கி வெச்சுட்டுப் போ! ஆம்பளப் பையன், மூஞ்சில பவுடரு வேற!"

பையன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அத்தை பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். கருவேலம் புதர் மறைவிலிருந்து கைதட்டல் கேட்டது. பார்த்தால் கேமரா, குடை, ஒரு தாடி. ஆத்தூர்ப் பக்கமிருந்து அரியலூர் சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் படம் எடுக்கப் போகிறவர்களாம். ரோட்டில் மஞ்சளாகச் சோளம் காய்வதைப் பார்த்ததும் ஆசைப்பட்டு இறங்கிவிட்டார்கள். சோளக்காரியிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தாடிதான் டைரக்டர். "அம்மா, இது அப்படியே படத்துல வருதும்மா" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அத்தை ஊரில் வந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். நம்பியிருப்பார்கள். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டதுதான் தப்பு. நான் சும்மா இருப்பேனா? ஹீரோ அத்தை காலில் விழுந்து கும்பிட்டான் என்றேன். டைரக்டர் தேம்பித் தேம்பி அழுதார் என்றேன். அடுத்த படத்துக்கு அத்தைக்கு மெட்ராஸில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். நான் சொன்ன ஒரே காரணத்தால் மொத்தமும் பொய் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பைக் வந்ததுகூடப் பொய்தானாம்.

அன்றிலிருந்து அத்தைக்குப் பெயர் நடிகை. களை வெட்டப் போனால், "நடிகைக்கு வெயிலு ஆவாது, குடை புடிங்கடி" என்பார்கள். மாமா அதற்கும் மேலே. "ஒன் மூஞ்சியப் போட்டா தேட்டர்ல துணி கிழிஞ்சிரும்" என்று சொந்த வீட்டுக்குள்ளேயே சிரிப்பார். அத்தை முதலில் கூடச் சேர்ந்து சிரித்தாள், அப்புறம் சண்டை போட்டாள், கடைசியில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். ஆடு வெள்ளாமையில் இறங்கினால்கூட முன்பு மாதிரி திட்டுவதில்லை. அத்தை திட்டாத தெரு எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் இருந்தவனுக்குத்தான் தெரியும். மின்சாரம் போன மாதிரி இருக்கும்.

பெரம்பலூரில் எந்தத் தியேட்டரிலும் அந்தப் படம் இல்லை. அரியலூரில் மட்டும் தினசரி ஒரே காட்சி, காலை பதினொரு மணிக்கு. சனிக்கிழமை அத்தை, மாமா, களை வெட்டும் பெண்கள் நான்கு பேர் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நான்கு பேரும் படம் பார்க்க வரவில்லை, சிரிக்க வந்தார்கள். மாமாவும் அவர்களோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார். முன்னால் என் பக்கத்தில் அத்தை மட்டும். பெரம்பலூர் தாண்டியதும் கேட்டாள்.

"ஏன்டா மருமவனே, அந்தத் தாடிக்காரன் படத்துலேர்ந்து நம்மள வெட்டிப்புட்டிருந்தான்னா?"

"வெட்டுவானா? உன்னையா?"

"வெட்டியிருந்தான்னா நான் அந்தத் தெருவுல எப்புடிடா நடப்பேன்?"

ஹாரனை அடித்தேன்.

தியேட்டரில் மேனேஜர் எங்களை எண்ணிப் பார்த்தார். "ஏழு பேருக்கெல்லாம் படம் போட மாட்டோம். பதினஞ்சு தலையாவது வேணும். நேத்தும் ஓட்டல." பின்னாலிருந்து மாமா, "சரி, நடிகைக்கு இன்னிக்கு லீவு, வாங்க போவோம்" என்றார். நான்கு பேரும் சிரித்தார்கள். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள்.

விடவில்லை நான். பக்கத்துத் திரையில் பெரிய படம் ஹவுஸ்ஃபுல். டிக்கெட் கிடைக்காமல் ஐந்து காலேஜ் பையன்கள் நின்றார்கள். "தம்பி, இந்தப் படத்துக்கு வாங்கடா, எட்டு ஃபைட்டு இருக்கு" என்றேன். "ரிவ்யூ பாத்துட்டோம்ணே, ஒரு ஃபைட்டும் கெடையாது" என்றான் ஒருத்தன். எதிர் டீக்கடையில் சிமெண்டு லோடுக்கு முறை வராமல் மூன்று லாரி டிரைவர்கள் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, இந்தப் படத்துக்கு எங்க அத்தைதான் ஹீரோயின்" என்றேன். மூன்று பேரும் என் தோளுக்கு மேலே எட்டி அத்தையைப் பார்த்தார்கள். அத்தை காதிலும் அது விழுந்துவிட்டது.

"அடேய்! ரெண்டு வருசமா ஒன் வாயாலதான்டா நான் சீரழியிறேன்! அங்க ஹீரோ கால்ல வுழுந்தான்ன, இங்க நான் ஹீரோயினா? ஒரு நாளாவது நடந்தத நடந்தபடி சொன்னா ஒன் நாக்கு அழுவிருமா? ரோட்டுல காஞ்ச சோளத்து மேல பைக்க வுட்டான், நான் திட்டுனேன், அம்புட்டுத்தான்! அதுக்கு மேல ஒரு பொட்டு நீ பேசுன, வண்டிச் சாவியப் புடுங்கி சாக்கடையில வீசிப்புடுவேன்!"

ரோடே திரும்பிப் பார்த்தது. மூத்த டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "யக்கா, சோளத்துல வுட்டதுக்கா திட்டுனீங்க? பெரம்பலூர் ரோட்டுல நாங்க வாங்காத திட்டா! அத சினிமாவுல வேற போட்டிருக்கானா? வாங்கடா, பாத்துட்டு வந்துருவோம்." அத்தை பேச ஆரம்பித்ததிலிருந்து போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஐந்து பையன்களும் பின்னாலேயே வந்தார்கள். சரியாகப் பதினைந்து தலை. மேனேஜர் கதவைத் திறந்தார்.

இடைவேளை வரை அத்தை வரவில்லை. ஹீரோ காதலித்தான், குடித்தான், சுண்ணாம்புக்கல் பள்ளத்தின் ஓரத்தில் நின்று வானத்தைப் பார்த்தான். "நடிகை இன்னும் மேக்கப்பு போடுதோ என்னமோ" என்றாள் களை வெட்டுகிறவர்களில் ஒருத்தி. அத்தை முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தாள். மறுபடி விளக்கு அணைந்து கால் மணி நேரம் இருக்கும். திரை முழுக்க மஞ்சள். எங்கள் ரோடு. பைக் ஏறியது, சோளம் சிதறியது, ஓடிவந்தாள் அத்தை, அவ்வளவு பெரிய முகமாக. மாமா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

திரையில் அத்தை வாய் திறந்தது. வந்ததோ தேன் தடவிய ஒரு பெண் குரல், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. "பாத்துப் போலே ராசா. சிதறுன சோளத்த அள்ளிரலாம், சிதறுன மனச அள்ள முடியுமால?"

ஹீரோ கண்ணீர் விட்டான். அத்தை துள்ளி எழுந்தாள்.

"எவடி அவ, எம் வாயில பேசுறவ? நான் எங்கடா ராசான்னு சொன்னேன் அவன? ஏய், நிறுத்துங்கடா படத்த!"

படம் நிஜமாகவே நின்றது. என்னமோ ரகளை என்று மேனேஜர் டார்ச்சோடு ஓடிவந்தார். மூத்த டிரைவர் அவரிடம் கேட்டார்: "சார், அந்த சீன மட்டும் திரும்ப மொதல்லருந்து போடுங்க. சத்தத்த மட்டும் அமுக்கிட்டுப் போடுங்க. யக்கா, நீங்க அன்னிக்கு என்ன சொன்னீங்களோ அத சொல்லுங்க." பையன்கள் விசிலடித்தார்கள். மேனேஜர் தலையைச் சொறிந்தார், மேலே பார்த்துக் கையைக் காட்டினார்.

மறுபடி மஞ்சள் ரோடு. சத்தமே இல்லை. அத்தை சீட்டின் மேல் ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"ஏன்டா, கண்ண என்ன பொடனியிலயா வெச்சிருக்க?"

திரையில் இருந்த வாயும் அதையேதான் சொன்னது. பன்னிக்கும் மயிலுக்கும் என்றபோது உதடு ஒட்டிப் பிரிந்தது இங்கேயும் அங்கேயும் ஒன்றாக. ஒரு எழுத்து முந்தவில்லை, ஒரு எழுத்து பிந்தவில்லை. "மூஞ்சில பவுடரு வேற!" என்று அத்தை முடித்ததும் அத்தனை பெரிய திரையில் ஹீரோ கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். பதினைந்து பேர் போட்ட சத்தத்தில், பக்கத்துத் திரையின் பெரிய படத்தை விட்டுவிட்டு நாலு பேர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

சிரிக்க வந்த நான்கு பெண்களும் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துத் தங்கள் நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். மாமா மூத்த டிரைவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்டாட்டிங்க, எம் பொண்டாட்டி" என்றார், அவர் கேட்காமலே. மீதிக் கதையில் ஹீரோ இருந்தானா செத்தானா என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

வெளியே வரும்போது மேனேஜர் வாசலிலேயே காத்திருந்தார். "அம்மா, நாளைக்கு ஞாயித்துக்கெழம. நீங்க வர்றதா இருந்தா வாசல்ல எழுதிப் போட்டுருவேன், கூட்டம் வரும்."

"நாளைக்குப் பருத்தி எடுக்கணுமே" என்றாள் அத்தை.

"அதெல்லாம் நான் எடுத்துக்கிறேன்" என்றார் மாமா. "நீங்க எழுதிப் போடுங்க சார். பெரிசா எழுதுங்க."