கெர்னலுக்கு ஓர் எடைக்கல்

போன செவ்வாய்க்கிழமை காலை. வாசலில் ஒரு கூரியர்க்காரர். கையில் மிக்ஸி ஜார் பார்சல்.

"பதினாலுதான சார்?"

பதினான்குதான். ஆனால் அது எங்கள் வீட்டின் பழைய எண். புதிய எண் முப்பத்தொன்று. புதிய எண் பதினான்கு தெருக்கோடியில் இருக்கிறது. அல்லிநகரத்தில் எங்கள் தெரு முழுக்க இப்படித்தான், வீட்டுக்கு இரண்டு எண்.

"பழைய நம்பரா புது நம்பரான்னு கேட்டுட்டு வரலாம்ல?" என்றேன், கொஞ்சம் கடுப்பாக.

"நம்பர் சரியாத்தான சார் இருக்கு!" என்றார் அவர், என்னைவிடக் கடுப்பாக.

கதவைச் சாத்திய பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் வெட்கமும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அச்சு அசலாக இதே தப்பைச் செய்தவன் நான். அவர் கொண்டுவந்தது மிக்ஸி ஜார். நான் தவறான வாசலில் கொண்டுபோய் இறக்கியது ஒரு பழி.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். ஏழு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. திராட்சை வைக்கிற குளிர் அறைகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குள் ஆபரேட்டிங் சிஸ்டம். அதன் நடுவே உட்கார்ந்திருப்பது கெர்னல். எந்த புரோகிராம் எப்போது ஓடலாம், எந்தக் கருவியை யார் தொடலாம் என்று முடிவு செய்வது அதுதான்.

அதற்குள் ஏதாவது சிக்கிக்கொண்டால்? சிக்கிய நேரத்தில் மெமரியில் இருந்ததை அப்படியே பிரதி எடுத்து, டீபக்கர் என்கிற கருவியில் திறந்து பார்ப்போம். திறந்தால்... எண்கள். திரை திரையாக எண்கள். 'இந்த இடத்தில் இருப்பது புரோகிராமின் பெயர், அதற்கு அடுத்த இடத்தில் இருப்பது இன்னது' என்று பிரித்துச் சொல்ல, டீபக்கருக்குத் துணையாகச் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்கள் எழுதிக்கொள்வோம்.

அப்படி நான் எழுதிய ஒன்றின் பெயர் 'சாவி'. ஒரு கருவியை ஒரே நேரத்தில் இரண்டு புரோகிராம் தொடக்கூடாது என்பதற்காக கெர்னலில் பூட்டு வைத்திருப்போம். அந்தப் பூட்டின் சாவி இப்போது யார் கையில் இருக்கிறது என்று என் ஸ்கிரிப்ட் ஒரே வரியில் சொல்லிவிடும். இடங்களை எல்லாம் நானே விரல் விட்டு எண்ணி எழுதியது. அதில் எனக்குப் பெருமை உண்டு. பெருமை என்ன... திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மேரி. ராயப்பன்பட்டிப் பெண். திராட்சை விவசாயி மகள். இரண்டு பிள்ளைகளுக்காக ஆறு வருடம் வேலையை விட்டு வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி வந்திருந்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். வெப்பநிலையை மணிக்கொரு தரம் பதிவு செய்யும் கெர்னல் பகுதியை மேரி எழுதினார். அவருடைய முதல் பெரிய வேலை அது.

மூன்றாவது மாதக் கடைசி வாரம். சுருளிப்பட்டியிலிருந்து முத்தையா போன் செய்தார். எங்கள் பெட்டியை வாங்கிய திராட்சைக்காரர்.

"தம்பி, திரையில ரெண்டு டிகிரின்னு காட்டுது. உள்ள போனா வேர்க்குது!"

ஓடினோம். பெட்டி முந்தின நாள் காட்டிய எண்ணிலேயே உறைந்து நின்றது; குளிரூட்டியை ஓடச் சொல்லவே இல்லை. பிரதி எடுத்துக்கொண்டு, பெட்டியை மறுபடி ஓடவிட்டோம். முத்தையா திராட்சைப் பெட்டிகளைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணிருங்க. இல்லன்னா இங்கன இருந்து கழட்டிட்டுப் போயிருங்க. ஒங்கள நம்பி ஊரே சரக்கக் கொண்டாந்து வச்சிருக்காக."

புதன்கிழமை ஆபீசில் 'சாவி'யை ஓட்டினேன். ஒரே வரி. சாவி மேரியின் புரோகிராமின் கையில்!

அவர் வந்த பிறகுதானே கோளாறு? அவர் எழுதிய பகுதிதானே புதிது? எல்லாம் அழகாகப் பொருந்தியது. ஆறு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். குரல் உயர்ந்ததா என்று கேட்டால்... உயர்ந்தது.

மேரி மறுத்துப் பேசவில்லை. "நான் எழுதின கோட மறுபடி பாக்குறேண்ணே" என்றார். அவ்வளவுதான். முகம் மட்டும் சுண்டிப்போனது. ஒரு நாள் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

அந்தப் புதன்கிழமை மாலை முதலாளி என்னிடம் கேட்டார். மேரியை வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா? ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்றார். எழுதினேன். 'வேண்டாம் என்று தோன்றுகிறது.' அனுப்பவில்லை. பெட்டியைச் சரி செய்த பிறகு அனுப்பலாம் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை மேரி என் மேசைக்கு வந்தார், லேப்டாப்போடு.

"அண்ணே, என் கோட மூணு தடவ பாத்துட்டேன். தப்பு கெடைக்கல. அதான் ஒங்க ஸ்கிரிப்டச் சோதிச்சுப் பாத்தேன்."

சுருக்கென்றது. "அதைச் சோதிக்க என்ன இருக்கு?"

"பதில் தெரிஞ்ச கேள்வியாக் கேட்டேன். சும்மா ரெண்டு புரோகிராம் எழுதினேன். 'அன்னம்'னு ஒண்ணு, சாவிய எடுத்து வச்சுக்கிரும். 'கிளி'ன்னு ஒண்ணு, சாவிக்காகக் காத்துக் கெடக்கும். அப்பிடியே பிரதி எடுத்து ஒங்க ஸ்கிரிப்ட ஓட்டினேன்."

"என்ன சொல்லுச்சு?"

"சாவி கிளி கையிலன்னு சொல்லுதுண்ணே."

லேப்டாப்பை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். மேரி தொடர்ந்தார்.

"எங்க அய்யா பழம் எடை போடப் போனா, கையோட ரெண்டு கிலோ கல்லு ஒண்ணு எடுத்துட்டுப் போவாக. யாவாரிகிட்ட புதுசா மின்னுற தராசு இருக்கும். இருந்தாலும் மொதல்ல அந்தக் கல்ல வச்சுப் பாத்துட்டுத்தான் பழத்த ஏத்துவாக. யாவாரி மொறைப்பாக. அய்யா கண்டுக்கிற மாட்டாக. தராசு என்ன வேணும்னேவா பொய் சொல்லுது? தப்பாக் காட்டுறது அதுக்கே தெரியாதும்பாக."

பிறகு உட்கார்ந்து இருவரும் பார்த்தோம். விஷயம் இதுதான். அதற்கு முந்தைய மாதம் நானே கெர்னலில் ஒரு வசதியைச் சேர்த்து, மொத்தக் கெர்னலையும் மறுபடி கட்டியிருந்தேன். அதனால் பூட்டைப் பற்றிய குறிப்பில் முன்னால் ஒரு புது இடம் நுழைந்து, மற்றவை எல்லாம் ஒரு வீடு தள்ளிப் போயிருந்தன. என் ஸ்கிரிப்டுக்கு இது தெரியாது. அது பழைய எண்ணை வைத்துக்கொண்டு கதவைத் தட்டியிருக்கிறது. சாவி வைத்திருப்பவர் பெயர் இருந்த இடத்தில் இப்போது இருந்தது, சாவிக்காகக் காத்திருப்பவர் பெயர்!

வரிசையில் கால் கடுக்க நின்றவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நான் கூவியிருக்கிறேன்.

மேரி ஸ்கிரிப்டைத் திருத்தினார். விரல் விட்டு எண்ணிய இடங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, எது எங்கே இருக்கிறது என்று கெர்னலைக் கட்டும்போதே கிடைக்கிற வரைபடத்திலிருந்து இடங்களை எடுக்கச் செய்தார். அன்னம், கிளி சோதனை சரியாக வந்தது. பிறகு முத்தையா பெட்டியின் பிரதியில் ஓட்டினோம்.

சாவி யார் கையில் இருந்தது தெரியுமா?

என் கையில்.

மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிய பகுதி அது. வெப்பமானியைப் படித்துத் திரையில் காட்டும். வெப்பமானி பதில் தராவிட்டால் என் புரோகிராம் பாதியிலேயே திரும்பிவிடும்... சாவியைத் திருப்பிக் கொடுக்காமல். குளிர் அறையில் பெட்டிகளை நகர்த்தும்போது வெப்பமானி ஒயர் இடிபட்டு லூஸாகியிருக்கிறது. அப்புறம் யாருக்குச் சாவி கிடைக்கும்? என் திரையும் உறைந்தது, மேரியின் பதிவும் காத்துக் கிடந்தது.

திருத்தம் இரண்டே வரி. அதை எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஆறு பேரையும் கூப்பிட்டு, சொன்ன இடத்திலேயே நின்று மேரியிடம் மன்னிப்புக் கேட்பதற்கு அரை மணி நேரம் ஆனது, ஏனென்றால் முதலில் இரண்டு டீ குடிக்க வேண்டியிருந்தது.

"விடுங்கண்ணே" என்றார் மேரி. கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அன்று மத்தியானமே சுருளிப்பட்டி போய்ப் புது புரோகிராமை ஏற்றினோம், ஒயரையும் இறுக்கிக் கட்டினோம். வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கிப் பார்த்தோம். திரை 'வெப்பமானி பேசவில்லை' என்று முறையாகப் புகார் சொன்னது. மாட்டினோம். தன் பாட்டுக்கு ஓடியது. ஞாயிற்றுக்கிழமை முத்தையாவே போன் செய்தார்.

"இப்ப எப்படி இருக்குண்ணே?" என்றேன்.

"உள்ள போனாப் பல்லு தந்தியடிக்குது தம்பி!"

இவ்வளவு நல்ல செய்தியை நான் இந்த வருடம் கேட்டதில்லை.

முதலாளிக்கு வைத்திருந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதினேன். 'மேரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.' விடவில்லை. இப்போது எங்கள் டீபக்கர் ஸ்கிரிப்ட் அத்தனையும் மேரி பொறுப்பில். ஒவ்வொன்றும் வாயைத் திறக்கும் முன், இந்தக் கெர்னலும் இந்த வரைபடமும் ஒன்றுக்கொன்று உரியவைதானா என்று பார்க்கும். இல்லையென்றால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்ட புரோகிராம்கள்! எங்கள் ஆபீசில் எனக்கு முன்பே அவை அதைக் கற்றுக்கொண்டுவிட்டன.

அன்னமும் கிளியும் இன்னும் இருக்கின்றன. புது ஸ்கிரிப்ட் எழுதினால் முதல் கேள்வி அவற்றைப் பற்றித்தான். அந்தச் சோதனைக்கு மேரி வைத்த பெயர் 'எடைக்கல்'. கெர்னலை மாற்றிக் கட்டுகிற நாளெல்லாம் அது தானாக ஓடும். அதற்குப் பிறகு எனக்கும் பயமில்லாமல் வேலை நடக்கிறது. ஒரு கருவியை நம்பலாம் என்பது சின்ன நிம்மதி இல்லை.

மேரியைப் பற்றியது என்பதால் இந்தப் பத்தியை அனுப்பும் முன் அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அமைதியாகப் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"ஒரு நாளு பேசலன்னு எழுதியிருக்கீக. மூணு நாளுண்ணே."

மேலே அதை நான் திருத்தவில்லை... என் தராசு எவ்வளவு குறைத்துக் காட்டும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்!