பத்தாவது பாட்டு

யமுனாவுக்கு ஆங்கில ராக் பாட்டு பிடிக்கும் என்பது சித்தூர் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் கூழின் இனிப்பை அளந்து எழுதுவது அவள் வேலை. அவளிடம் இருந்ததும் ஒரே ஒரு ஆல்பம்தான். 1993இல் திருப்பதியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த தம்பி சுதீர், ஒரு கடையில் பதிவு செய்து கொடுத்த கேசட். பத்துப் பாட்டு. வார்த்தைகள் பாதி புரியாது. கடைசிப் பாட்டில் ஒரு பெண் குரலும் கிதாரும் மட்டும் வரும். அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா இறந்த வாரம் முழுக்க அவள் கேட்டது அதைத்தான்.

2004இல், அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட சுதீர் ஒரு தடித்த புத்தகம் அனுப்பினான். அந்த ஆல்பம் உருவான கதை, பாட்டுக்கு ஓர் அத்தியாயம். அகராதியை வைத்துக்கொண்டு படித்தாள். நான்காவது பாட்டின் நடுவே டிரம்ஸ்காரர் கையிலிருந்து குச்சி நழுவியதாம். உடனே போட்டுக் கேட்டாள். டக்கென்று ஒரு சத்தம். பதினோரு வருஷம் காதில் விழாத சத்தம்! அதன்பிறகு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டாள்.

ஒன்பதாவது அத்தியாயத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. குழுவில் பெண்ணே கிடையாது என்றிருந்தது. பக்கம் ஏதும் கிழிந்திருக்கிறதா என்று பைண்டிங்கைத் தடவிப் பார்த்தாள்.

ஞாயிறு காலை சுதீர் போன் செய்தபோது அந்தக் கடைசிப் பாட்டைப் பற்றிக் கேட்டாள்.

"பொம்பள பாடறதா? அதுல அப்பிடி ஒண்ணும் இல்லியே அக்கா. வேற எதனா கேசட்ட கேட்டுக்கினு இருக்கப் போற."

"பதினோரு வருசமா கேட்டுக்கினு இருக்கறேன்டா. எனக்குத் தெரியாதா?"

அடுத்த விடுமுறையில் திருப்பதிக்கு பஸ் ஏறினாள். பதிவு செய்துகொடுத்த ரங்கையா அதே கடையில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். அவள் நீட்டிய வாக்மேனின் ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கடைசில இடம் மிச்சம் இருந்தா, சும்மா இன்னாத்துக்கு வுடணும்னு கைக்கு வந்தத போட்டு வுடுவேன்மா."

"பாடறது யாருண்ணா?"

"தெலீதும்மா. அந்தக் கேசட்டெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. ஆனா நல்லாத்தான் பாடறா."

திரும்பும் பஸ் சந்திரகிரி தாண்டும்வரை யார்மேல் கோபப்படுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் தனக்குப் பிடித்தது அந்த ஆல்பமா, ரங்கையா இடத்தை அடைக்கப் போட்ட பாட்டா? ஒன்பதைக் கேட்காமல் பத்தாவதை மட்டும் கேட்டிருந்தால் பிடித்திருக்குமா?

வீட்டில், புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் பேனாவால் '10' என்று போட்டு, கேசட்டை ஓடவிட்டு எழுதினாள். பாடியவர் பெயர் தெரியவில்லை. இரண்டாவது சரணத்துக்கு முன் மூச்சு வாங்குகிறார். பின்னால் தூரத்தில் நாற்காலி நகர்கிறது. இதுவும் இன்றைக்குத்தான் கேட்டது. அதற்குக் கீழே 'இது இந்த ஆல்பத்துப் பாட்டு அல்ல' என்று எழுதினாள். அடித்தாள். சிறிது நேரம் கழித்து, அதையே மறுபடி எழுதினாள்.